சும்மா பாத்துக்கிட்டுதான் இருந்தேன்

இல்ல சார், நீங்க தூங்கறதுன்னா தூங்குங்க, நான் தொந்தரவு பண்ண மாட்டேன். எனக்கு ஒரு போன் வரணும், அதான் கையிலயே வச்சுக்கிட்டு இருக்கேன். மெட்ராஸ்லேர்ந்து ஒரு கம்பெனி. வேலை எனக்கில்ல. எங்க லேப்ல முன்ன இருந்த ஒரு பொண்ணுக்கு. நான் நாலு வார்த்தை நல்லதாச் சொன்னா அதுக்கு அந்த வேலை கிடைச்சுடும், இல்லன்னா கிடைக்காது. நேத்தே ஒரு அம்மா கூப்பிட்டு, நாளைக்கு மத்தியானத்துக்கு மேல பேசறோம்னு சொல்லிட்டாங்க. யார்கிட்ட விசாரிக்கணும்னு கேட்டதுக்கு என் பேரைக் குடுத்ததே அந்தப் பொண்ணுதானாம். அதை நெனச்சாத்தான் சார் எனக்கு ஒண்ணும் புரியல. திருச்சியில வேற ஆளே இல்லியா?

இந்த பஸ்ல நீங்க எதுவரைக்கும்? திண்டிவனமா. நான் விழுப்புரம். மச்சான் புதுசா வீடு கட்டியிருக்கான், நாளைக்கு ஃபாதர் வந்து வீட்டை மந்திரிக்கறார். என் பேரு சகாயராஜ். எங்க ரத்தப் பரிசோதனை லேப்ல கம்ப்யூட்டர் சர்வர் எல்லாம் நான்தான் பாத்துக்கறேன். லேப் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இருக்கேன். டாக்டர் இந்திராணின்னு, அவங்கதான் முதலாளி. எதுன்னாலும் "சகாயத்தைக் கூப்பிடு"ம்பாங்க. பிரிண்டர் ஓடலியா, சகாயம். அவங்க பேத்தியோட டேப்லெட்ல கார்ட்டூன் வரலியா, சகாயம். ஏசி சொட்டினாக்கூட சகாயம்தான். ஏசிக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்? ஆனா கூப்பிடுவாங்க, நானும் போய் நிப்பேன். அது ஒரு பெருமைதான், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

பிரதீபா வந்தப்புறம் அது நின்னு போச்சு.

பிரதீபாதான் அந்தப் பொண்ணு. புதுசா சாஃப்ட்வேர் எழுதறதுக்குன்னு டாக்டரம்மா எடுத்தாங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, மணப்பாறைலேர்ந்து தினம் பஸ்ல வந்து போகும். அப்பா இல்ல, அம்மாவும் ஒரு தங்கச்சியும். மரியாதையான பொண்ணு, அதுல நான் குறை சொல்ல மாட்டேன். "சார், சார்"னுதான் பேசும். அந்த மரியாதைதான் சார் எனக்கு எரியும். திட்டுனா திருப்பித் திட்டலாம். மரியாதையா இருக்கறவங்களை என்ன பண்றது?

எங்க லேப்ல என்ன வழக்கம்னா, ரத்தம் குடுத்தவங்களுக்கு ரிசல்ட் வந்ததும் போனுக்கு மெசேஜ் போயிடும். உறையூர், லால்குடி, திருவெறும்பூர்னு நாலு பக்கமும் கிளை இருக்கு. மிஷின் ரிசல்ட்டைச் சொல்லும், எஸ்.எம்.எஸ். அனுப்பற புரோகிராம் அதை வாங்கி அனுப்பும். அந்த புரோகிராம் மட்டும் அஞ்சு நிமிஷம் படுத்துடுச்சுன்னா, அந்த நேரத்துல வந்த ரிசல்ட் எல்லாம் காத்துல போயிடும். இதுக்கு ஒரு வழி சொல்லுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. என்னைக் கேக்கல சார், அந்தப் பொண்ணைக் கேட்டாங்க. நடுவுல ஒரு மெசேஜ் புரோக்கர் வைக்கணும் மேடம்னு அது சொல்லுச்சு.

புரோக்கர்னா கமிஷன் அடிக்கற ஆள் இல்ல சார். அதுவும் ஒரு சாஃப்ட்வேர்தான். மிஷின் குடுக்கற ரிசல்ட்டை வாங்கி வரிசையா வச்சுக்கும். எஸ்.எம்.எஸ். புரோகிராம் எழுந்து வந்து கேட்டா, ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்கும். வாங்கிட்டேன்னு அது சொன்னதும், தன்கிட்ட இருக்கறதை அழிச்சுடும். நடுவுல யாராவது படுத்துட்டாலும் எதுவும் தொலையாது. நல்ல விஷயம்தான். எனக்கே தோணியிருக்கும், கேட்டிருந்தா.

"சகாயம், பிரதீபா சொல்றதை சர்வர்ல ஏத்திக் குடுத்துடு"ன்னாங்க டாக்டரம்மா. பாருங்க. பிரதீபா சொல்றதை.

சரின்னு ஏத்தினேன். எங்க சர்வர் லினக்ஸ். அதுல மவுஸ் எல்லாம் கிடையாது, கறுப்புத் திரையில எல்லாத்தையும் டைப் அடிச்சுதான் சொல்லணும். அந்த புரோக்கர் ஓடணும்னா அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு ஏத்தணும், அதோட வெர்ஷன் இதுக்கு ஒத்துவரணும், ஒத்துவரலன்னா சிவப்பு சிவப்பாத் திட்டும். எல்லாம் கடந்து வந்து, கடைசியில பச்சை எழுத்துல "ஓடிக்கிட்டிருக்கு"ன்னு காட்டுச்சு பாருங்க, எனக்குக் குழந்தை பொறந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் டெஸ்ட். ஒரு விண்டோவுல மெசேஜ் அனுப்பற சின்ன புரோகிராம், இன்னொரு விண்டோவுல அதை வாங்கிக் காட்டற சின்ன புரோகிராம், ரெண்டும் நானே எழுதினேன். இதுல "வணக்கம் சகாயம்"னு அடிச்சேன், அதுல "வணக்கம் சகாயம்"னு வந்துச்சு.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாங்கற விண்டோ ரெண்டு திறந்து வச்சு, பத்து மெசேஜ் அனுப்பினேன். பந்தியில பரிமாறற மாதிரி இவனுக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணுன்னு அஞ்சஞ்சா பிரிச்சுக் குடுத்துச்சு. "பாத்தீங்களா மேடம், ஒருத்தனுக்குக் குடுத்ததை இன்னொருத்தனுக்குக் குடுக்காது, அவ்வளவு நேர்மை"ன்னு சொன்னேன். டாக்டரம்மா சிரிச்சாங்க. அன்னைக்கு நல்லா இருந்துச்சு சார்.

மறுநாள் அதுல மண்ணு விழுந்துச்சு. அந்தப் பொண்ணோட கம்ப்யூட்டர்லேர்ந்து புரோக்கருக்குப் போனா உள்ள விட மாட்டேங்குது. என் சர்வர்ல உட்கார்ந்து பாத்தா ஓடுது, வெளியில இருந்து வந்தா கதவைச் சாத்துது. நான் நெட்வொர்க்கைத் தொறந்து பாத்தேன், கேபிளைப் பிடுங்கிப் போட்டேன், ஒண்ணும் ஆகல. டாக்டரம்மா பின்னாடி நிக்கறாங்க. அப்ப பிரதீபா மெல்ல வந்து, "சார், ஏத்தும்போது அதுவே ஒரு விருந்தாளிக் கணக்கு குடுக்குமில்ல, அது அதே சர்வருக்குள்ள மட்டும்தான் செல்லும். புதுசா ஒரு யூசர் போட்டா வந்துடும்"னுச்சு. போட்டேன். வந்துடுச்சு.

அதைத் தனியாக் கூப்பிட்டு என் காதுல சொல்லியிருக்கலாம் இல்லியா? டாக்டரம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? "வா பிரதீபா, டீ சாப்பிடலாம்"னு அவங்க ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. அவங்க ரூம்ல பூப்போட்ட பீங்கான் கப் செட் ஒண்ணு இருக்கு. அதுலதான் அந்தப் பொண்ணுக்கு டீ. நான் கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தேன். இத்தனை வருஷத்துல எனக்கு அந்த ரூம்ல டீ குடுத்ததில்லன்னு சொல்ல மாட்டேன், குடுத்திருக்காங்க. பேப்பர் கப்புல.

சின்ன விஷயம்தான், எனக்கும் தெரியும். வீட்டுல சொன்னேன், "ஒரு கப்புக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க"ன்னு என் பொண்டாட்டி சிரிச்சா. சிரிக்கறவங்களுக்கு சிரிப்பாத்தான் இருக்கும். நான் சோத்துத் தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்துட்டேன் சார்.

அப்புறம்தான் நான் ஒண்ணு பண்ணேன். தப்பா ஒண்ணுமில்ல. லினக்ஸ்ல லாக்னு ஒண்ணு உண்டு. என்னென்ன நடக்குதோ அதையெல்லாம் கம்ப்யூட்டர் தானே வரிவரியா எழுதிக்கிட்டே போகும். நாம ஒரு விண்டோவைத் திறந்து வச்சா, வரிவரியா ஓடறதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். என் தொழிலே அதுதான் சார், பாக்கறதுதான். பாக்கறதால எதுவும் குறையாது. அதே மாதிரி, டெஸ்ட்டுக்கு எழுதி வச்சிருந்தேன் இல்ல, வாங்கிக் காட்டற புரோகிராம், அதை எடுத்து நிஜ ரிசல்ட் ஓடற வரிசையில மாட்டிவிட்டேன். என் கம்ப்யூட்டர்ல ஒரு மூலையில ஓடிக்கிட்டே இருக்கும். பேரு, வயசு, சுகர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவுன்னு ஒவ்வொண்ணா வரும். எதுக்குன்னு கேட்டீங்கன்னா, அந்தப் பொண்ணு எங்கியாவது ஒரு தப்பு பண்ணாமலா போயிடும்? பேர்ல எழுத்து மாறும், வயசு மாறும். பண்ணா நான் மொதல்ல பாக்கணும். அவ்வளவுதான். சும்மா பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

நான் அதிகமா எதிர்பாக்கவே இல்ல சார். அந்த வாரமே அதோட புரோகிராம் உதைக்க ஆரம்பிச்சுடுச்சு.

ரிசப்ஷன்ல லூர்து மேரின்னு ஒரு அம்மா. அவங்களுக்கு போன் மேல போன். ரத்தம் குடுத்தேன், மெசேஜ் வரலம்மா. புருஷனுக்கு வந்துச்சு, எனக்கு வரலம்மா. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து குடுத்தவங்க, ஒருத்தருக்கு வருது, இன்னொருத்தருக்கு வரல. கணக்குப் பாத்தா பாதிக்குப் பாதி போகல. டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. நான் என்ன பண்ணேன், வரலன்னு சொன்னவங்க பேரையெல்லாம் லூர்து மேரிகிட்ட வாங்கி, என் விண்டோவுல தேடினேன். இருக்கு சார். ஒண்ணு விடாம இருக்கு. யார் யாருக்குப் போகலியோ அத்தனை பேரும் என்கிட்ட இருக்காங்க.

"மேடம், புரோக்கர் வரைக்கும் சுத்தமா வந்திருக்கு, நான் கண்ணால பாத்தேன். அதுக்கப்புறம்தான் தொலையுது"ன்னு சொன்னேன். அதுக்கப்புறம்னா யாரு? எஸ்.எம்.எஸ். புரோகிராம். அதை எழுதினது யாரு? நான் பேரே சொல்லல. டாக்டரம்மாவே திரும்பி அந்தப் பொண்ணைப் பாத்தாங்க.

எங்க பாத்தீங்க சார்னு அது கேட்டுச்சு. லாக்லதாம்மான்னேன். பொய்யா சொன்னேன்? எனக்கு அது லாக்தான்.

மத்தவங்களுக்கு வந்துச்சே, அவங்க பேரும் உங்க விண்டோவுல இருந்துச்சான்னு கேக்கறீங்களா? அதை நான் பாக்கல சார். வந்தவங்களை எதுக்குத் தேடணும்? வராதவங்களைத்தானே தேடணும்?

அப்புறம் மூணு வாரம் அது பட்ட பாடு இருக்கே. சாப்பிடாம கொள்ளாம அதே வேலையா இருந்துச்சு. எழுதினதை அழிச்சு மறுபடி எழுதும். அதோட கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தா பத்துக்குப் பத்து சரியா வரும். சர்வர்ல ஏத்தினா பாதி போயிடும். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன் சார். என் வேலையை விட்டுட்டு, பக்கத்துல நாற்காலி போட்டு, டீ வாங்கிக் குடுத்து, "பாரும்மா, பாரும்மா"ன்னு. உண்மையைச் சொன்னா, எனக்கு அந்த மூணு வாரமும் நல்லாத் தூக்கம் வந்துச்சு.

ஒருநாள் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு சொல்லுச்சு, "சார், சரியா ஒண்ணு விட்டு ஒண்ணு போகுது. என் புரோகிராம் தப்புன்னா இப்படி அளவெடுத்த மாதிரி தப்பாது. வேற யாரோ வாங்கறாங்க சார். புரோக்கரோட அட்மின் பக்கத்துக்கு பாஸ்வேர்டு குடுங்க, வரிசையில எத்தனை பேர் நிக்கறாங்கன்னு பாத்துட்டுத் தந்துடறேன்."

நான் குடுக்கல. சர்வர் பாஸ்வேர்டை இன்னொருத்தர் கையில குடுக்கற வழக்கம் என்கிட்ட கிடையாது, டாக்டரம்மாவுக்கே தெரியாது. "நானே பாத்துச் சொல்றேம்மா"ன்னு போய்ப் பாத்தேன். ரெண்டு பேர்னு போட்டிருந்துச்சு. ஒண்ணு அதோட புரோகிராம். இன்னொண்ணு நான். நான் வேடிக்கை பாக்கறவன்தானே சார், என்னைக் கழிச்சுட்டு, "ஒண்ணுதாம்மா, உன்னோடது மட்டும்தான்"னு சொன்னேன்.

சரிங்க சார்னு சொல்லிட்டு மறுபடி அதோட புரோகிராமைத் தொறந்துச்சு. நம்பிடுச்சு. நம்பறதுக்கு என்ன, நான்தானே சர்வர் ஆளு.

அப்புறம்தான் உறையூர்ல அந்தக் காய்ச்சல் கேஸ். ஏழு வயசுப் பையன். டெங்கு. ரத்தத்துல தட்டணு எக்கச்சக்கமா இறங்கியிருக்கு. ரிசல்ட் வந்துடுச்சு, அப்பா போனுக்கு மெசேஜ் போகல. மெசேஜ் வராதவங்க போன் பண்ணிக் கேட்டா லூர்து மேரி வாயால சொல்லிடுவாங்க, இவர் கேக்கல. ஏதாவது இருந்தா மெசேஜ் வந்திருக்கும்னு அவர் நெனச்சுட்டு, புள்ளைக்குக் கஞ்சி குடுத்துப் படுக்க வச்சிருக்கார். விடிஞ்சு மூக்குல ரத்தம் வந்து, அள்ளிக்கிட்டு ஓடி, எப்படியோ பொழச்சுக்கிட்டான், மாதா புண்ணியம். அந்த மனுஷன் லேப்ல வந்து நின்னு கத்தல சார். சட்டையில ரத்தக் கறையோட உட்கார்ந்துக்கிட்டு, "ஒரு மெசேஜ்தானேங்க"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்டுட்டு டாக்டரம்மா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

அந்தப் பையன் பேரையும் தேடினேன். முந்தின நாளே வந்து என் விண்டோவுல நிக்குது. எண்ணிக்கை முதற்கொண்டு. அதையும் டாக்டரம்மாகிட்ட காட்டினேன். காட்டாம இருக்க முடியுமா?

அன்னைக்கே பிரதீபாவை நிறுத்திட்டாங்க. நிறுத்தினதுல கூட பாருங்க, கையைப் பிடிச்சுக்கிட்டு, "உன் மேல எனக்குக் கோவம் இல்லம்மா, பயம்தான்"ன்னாங்களாம். என்கிட்ட இப்படி ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் தப்பு பண்ணா "சகாயம், அறிவிருக்கா"ம்பாங்க. போகும்போது அது என் டேபிளுக்கு வந்துச்சு. "கூட உட்கார்ந்து தேடுனீங்களே சார், அதை மறக்க மாட்டேன்"னுச்சு. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஆகாம இருக்குமா, நானும் பொண்ணைப் பெத்தவன். ஆனா போகட்டும்னுதான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் அதுக்கு எங்கியும் அமையலியாம். லூர்து மேரிதான் சொன்னாங்க. கடைசி வரைக்கும் போகுமாம், முன்ன இருந்த இடத்துல ஏன் விட்டேன்னு கேக்கறப்ப நின்னுடுமாம். தங்கச்சி காலேஜை நிறுத்தற மாதிரி இருக்குன்னாங்க.

ஒரு நிமிஷம் சார். போன்.

ஆமா மேடம், சகாயராஜ்தான். சொல்லுங்க மேடம்... பஸ்ல இருக்கேன், பரவாயில்ல, கேக்குது... ஆமா, எங்க லேப்லதான் இருந்துச்சு... பொண்ணு தங்கம் மேடம், ஒழுக்கம், நேரம், மரியாதை, ஒரு சொல் சொல்ல முடியாது... வேலைங்களா... வேலை நல்லாத்தான் எழுதும். என்ன, பாதி தவறிடும்... இல்ல, கேள்விப்பட்டதில்ல, நான் பக்கத்துலயே உட்கார்ந்து பாத்தது. ஒரு புள்ளை உயிருக்கே வந்துச்சு... ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் பண்றீங்களா நீங்க? அப்ப யோசிச்சுக்குங்க மேடம். வேற எங்கியாவதுன்னா எடுங்கன்னு நானே சொல்லுவேன்... சரிங்க மேடம். வச்சுடறேன்.

அவ்வளவுதான் சார். என்ன அப்படிப் பாக்கறீங்க? பொய் ஏதாவது சொன்னேனா? நல்லதைத்தானே மொதல்ல சொன்னேன்? என் பேரைக் குடுத்தா உள்ளதைத்தான் சொல்லுவேன்.

நீங்களே சொல்லுங்க. அது போன அன்னைக்கு சாயங்காலம், இனிமே இதுல பாக்கறதுக்கு என்ன இருக்குன்னு அந்த விண்டோவை மூடிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள்லேர்ந்து ஒண்ணு தவறல சார். அதோட புரோகிராம்தான், ஒரு எழுத்து யாரும் மாத்தல, அத்தனை மெசேஜும் போகுது. டாக்டரம்மாவே வந்து, "என்ன பண்ணே சகாயம்?"னு கேட்டாங்க. ஒண்ணு ரெண்டு விஷயம் சரி பண்ணேன் மேடம்னேன். ஏன், எப்படின்னெல்லாம் நான் மண்டையை உடைச்சுக்கல. சில பேர் ராசி அப்படி. ஆள் போனா வேலை நடக்கும்.

என்ன கேட்டீங்க? பஸ் சத்தத்துல கேக்கல.

விண்டோ ரெண்டு வச்சு டெஸ்ட் பண்ணப்ப அஞ்சஞ்சாப் பிரிஞ்சதுதானேன்னு கேக்கறீங்களா? ஆமா, பிரிஞ்சுது. அது டெஸ்ட் சார். அது வேற. அங்க ரெண்டு பேரும் வாங்கறவங்க. நான் இதுல வாங்கல, பாத்தேன். பாக்கறதுக்கும் வாங்கறதுக்கும்...

அதே புரோகிராம்தான். ஆமா.

நீங்க கம்ப்யூட்டர் லைனே இல்லன்னீங்களே சார்.

அந்தப் பையனோட ரிசல்ட்டா. ஆமா, என்கிட்டதான் இருந்துச்சு. இருந்துச்சுன்னா... அது வந்து...

கொஞ்சம் தண்ணி இருக்கா சார்? பாட்டிலை மேல பையில வச்சுட்டேன்.

இல்ல, நீங்க சொல்றது புரியுது. இப்பக் கூப்பிட்டா எடுப்பாங்கதான். நம்பர் இங்கயே இருக்கு, இந்தாங்க, மேலயே இருக்கு. ஒரு நிமிஷம் ஆகாது. மேடம், நான் முன்ன சொன்னது தப்பு, அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல, இப்படி இப்படின்னு சொல்லிடலாம். அந்த அம்மாவும் நல்லவங்களாத்தான் பேசறாங்க. வேலை கிடைச்சுடும். தங்கச்சி படிப்பும் நிக்காது. சொல்லலாம் சார். எனக்கு என்ன, வேலை போனாப் போகுது, இந்தக் கைக்கு எங்கியும் சோறு கிடைக்கும். அதுக்கெல்லாம் நான் பயப்படல.

ஆனா இது டாக்டரம்மா காதுக்குப் போகாம இருக்காது. போனா மொதல்ல என்ன பண்ணுவாங்க தெரியுமா? என்னைக் கூப்பிட்டுத் திட்டுவாங்கன்னுதானே நெனக்கறீங்க? மாட்டாங்க சார். நான் எதிர்லயே நின்னாலும் என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. மொதல்ல அவளுக்குத்தான் போன் போடுவாங்க.